காசியில் விட்ட பாகற்காய்

புத்தர் ஆடாத ஆட்டங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. புத்தர் உரைகளின் பாலித் தொகுப்பான தீக நிகாயத்தின் முதல் சூத்திரமான பிரம்மஜாலத்தில் அது வருகிறது. எட்டுக்கு எட்டு கட்டம் போட்ட பலகை ஆட்டம், பத்துக்குப் பத்து பலகை, அதையே பலகை இல்லாமல் மனத்துக்குள் ஆடுவது, தரையில் கோடு கிழித்துத் தாண்டுவது, குவியலில் மற்றவை அசையாமல் ஒரு காயை மட்டும் உருவுவது, தாயம், பந்து, இலையைச் சுருட்டி ஊதும் பீப்பீ, பனையோலைக் காற்றாடி, பொம்மை வண்டி, பொம்மை வில், காற்றிலோ முதுகிலோ எழுதிய எழுத்தைக் கண்டுபிடிப்பது, அடுத்தவர் மனத்தில் நினைத்ததைச் சொல்வது என்று நீள்கிறது. நீளக் குச்சியால் சின்னக் குச்சியைத் தட்டி அடிக்கும் ஆட்டமும் அதில் உண்டு. நம் ஊர்க் கிட்டிப்புள்ளேதான்.

இவற்றை யாரும் ஆடக் கூடாது என்று அந்தச் சூத்திரம் சொல்லவில்லை. ஊரார் போடும் சோற்றை உண்டுவிட்டுச் சில துறவிகளும் அந்தணர்களும் இப்படிப் பொழுதைப் போக்குகிறார்கள், கௌதமர் அப்படிச் செய்வதில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. காற்றாடி செய்து விற்றவர் மேல் பழி இல்லை. தெருவில் கிட்டிப்புள் ஆடிய பையன் மேலும் இல்லை. காரணமும் சுருக்கமாகவே சொல்லப்படுகிறது: இவை விழிப்புத் தவறும் இடங்கள். ஒருவர் தம் மனம் எங்கே வழுக்கும் என்று தெரிந்துகொண்டு தமக்குத் தாமே போட்ட வேலி அது. கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையின் மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் பாலி நூல்கள் ஓலையில் ஏறின என்பது மரபு. அந்த ஓலைகளோடு கிட்டிப்புள்ளும் காற்றாடியும் ஏறி நம் காலம் வரை வந்துவிட்டன.

அதே வேலையைச் செய்யும் இன்னொரு பட்டியல் ஸ்டீமில் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்வியூ நகரிலிருந்து இயங்கும் வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் தொடங்கிய கம்ப்யூட்டர் கேம் கடை இது. 2017-லிருந்து 100 டாலர் கட்டணம் கட்டினால் ஏறக்குறைய யார் வேண்டுமானாலும் தங்கள் கேமை இங்கே விற்பனைக்கு வைக்கலாம். 2024-ல் மட்டும் 18,000-க்கும் மேற்பட்ட கேம்கள் புதிதாக வந்தன. நாளொன்றுக்குச் சுமார் ஐம்பது. இவ்வளவையும் பார்த்து முடிக்க எவராலும் ஆகாது என்பதால் தேடும் பக்கத்தின் ஓரத்தில் குறிச்சொற்கள், கேமர்கள் வாயில் டேக்குகள், வரிசைகட்டி நிற்கின்றன. டேக்கைத் தொட்டால் அந்த வகை மட்டும் வரும். அதன் அருகிலேயே இருக்கும் கழித்தல் குறியைத் தொட்டால் அந்த வகை மொத்தமும் மறைந்துவிடும். திகில் பிடிக்காதவருக்குப் பேய்கள் கண்ணில் படாது. கால்பந்து அலுத்துப்போனவருக்குப் பந்து உருளாது.

வசதிக்காக வைத்த ஒரு பொத்தானில் தத்துவம் எங்கே வந்தது என்று கேட்கலாம். ‘வேண்டாம்’ என்பதில் பல ரகம் உண்டு. அந்தப் பொத்தானுக்கு ஒரு ரகம்தான் தெரியும். கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

காசிக்குப் போய்வந்தவர்கள் பிடித்த காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் விட்டுவிடுவது தமிழ் வீடுகளில் பழைய வழக்கம். மாம்பழப் பிரியர் மாம்பழத்தை விட வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆனால் திரும்பி வந்த பெரியவரிடம் ‘என்ன மாமா விட்டீங்க?’ என்று கேட்டால் ‘பாகற்காய்’ என்று பதில் வரும். ‘என்னிக்கு நீங்க அதைத் தொட்டீங்க, இப்ப விடறதுக்கு!’ என்று அடுக்களையிலிருந்து மாமியின் குரலும் வரும். பிடிக்காததை ஒதுக்கினால் அது ருசி. பிடித்ததை ஒதுக்கினால்தான் விரதம். இலையில் இரண்டுமே ஒரே காலி இடமாகத்தான் தெரியும், ஒதுக்கியவருக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும். ஸ்டீமின் கழித்தல் குறி பாகற்காய்க்காகச் செய்யப்பட்டது. புத்தரின் பட்டியல் மாம்பழப் பட்டியல்.

முதலில் பாகற்காயையே எடுத்துக்கொள்ளலாம், அதுவும் அவ்வளவு எளிதல்ல. எது பாகற்காய் என்று பெயர் ஒட்டியது யார்?

2014 பிப்ரவரியில் ஸ்டீம் டேக்குகளைக் கொண்டுவந்தபோது, ஒட்டும் உரிமையை வாடிக்கையாளர்கள் கையிலும் கொடுத்தது. உடனே கூத்து தொடங்கிவிட்டது. ஆளில்லாத ஒரு வீட்டுக்குள் நடந்து, இழுப்பறைகளைத் திறந்து, கடிதங்களையும் துண்டுச் சீட்டுகளையும் படித்து ஒரு குடும்பத்தின் கதையைக் கோத்துக்கொள்ளும் கேம் ‘கான் ஹோம்’. 2013-ல் வந்தது. சுட ஆள் இல்லை, தோற்க வழியும் இல்லை. ‘இது கேமே இல்லை’ என்று ஒரு கூட்டம் அதன்மேல் டேக் ஒட்டியது. ஏற்கெனவே புழங்கிய ‘வாக்கிங் சிமுலேட்டர்’ என்ற கேலியும் கூடவே ஒட்டிக்கொண்டது; சும்மா நடக்கத்தானே விடுகிறார்கள் என்ற குத்தல் அது. வசவுகளை வால்வ் களையெடுத்தது. ஆனால் வாக்கிங் சிமுலேட்டர் தங்கிவிட்டது, நாளடைவில் முழு வகையாகவே வளர்ந்தது. இன்று அப்படிப்பட்ட கேம் செய்கிறவர்கள் தாங்களே அதை விரும்பிச் சூட்டிக்கொள்கிறார்கள். 2018-ல் பிரிட்டனின் பாஃப்டா சிறந்த கேம் விருதை வாங்கிய ‘வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்’ இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

ஆக, கழித்தல் குறியைத் தொடுகிறவர் தன் விருப்பப்படி விலக்குவதாக நினைத்துக்கொண்டிருக்கலாம். எங்கே கோடு கிழிப்பது என்பதை முகம் தெரியாத ஒரு கூட்டம், பாதி கிண்டலாகவும் பாதி கோபமாகவும், முன்பே முடிவுசெய்துவிட்டது.

விலக்குவதைப் பற்றி இந்திய மரபில் மிக நுட்பமாக யோசித்தவர் திக்நாகர். ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த இந்தப் பௌத்த அறிஞர் காஞ்சிபுரத்தை அடுத்த ஓர் ஊரில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. அவருடைய கட்சி விசித்திரமானது. ‘பசு’ என்ற சொல் எல்லாப் பசுக்களிலும் குடியிருக்கும் ஏதோ ஒரு பசுத்தன்மையைச் சுட்டவில்லை, பசு அல்லாதவற்றையெல்லாம் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை என்றார். இதற்கு அபோகவாதம் என்று பெயர். கேட்கும்போது தலை சுற்றும். ஆனால் ஸ்டீமில் உட்கார்ந்து ‘இது வேண்டாம், அது வேண்டாம்’ என்று தட்டிக்கொண்டே போய், மிச்சமிருக்கும் பத்துப் பதினைந்தைப் பார்த்து ‘ஆங், இதைத்தான் தேடினேன்’ என்கிறவர் அறியாமலே திக்நாகர் கட்சியில் சேர்ந்துவிடுகிறார்.

ஏழாம் நூற்றாண்டு மீமாம்சகர் குமாரில பட்டர் இதை விடவில்லை. பசு அல்லாததைத் தள்ள வேண்டுமானால் முதலில் பசு எது என்று தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்திருந்தால் தள்ளுவதற்கு அவசியம் என்ன? தெரியாவிட்டால் எதைத் தள்ளுவது? தம் சுலோகவார்த்திகத்தில் அபோகத்துக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கி இந்த வகையில் மடக்கினார்.

குமாரிலரின் கேள்வியைச் சோதித்துப் பார்க்க ‘ரோக்லைக்’ என்ற வகையைவிடத் தோதான இடம் கிடைக்காது. 1980-ல் கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மைக்கேல் டாயும் கிளென் விக்மனும் உருவாக்கிய ‘ரோக்’ என்ற கேமின் வாரிசுகள் இவை. எழுத்துகளாலும் நிறுத்தற்குறிகளாலும் வரைந்த ஒரு பாதாளம், ஒவ்வொரு முறையும் அதன் அறைகள் இடம் மாறும், செத்தால் மீண்டும் முதலிலிருந்து. 2008-ல் பெர்லினில் கூடிய ரோக்லைக் உருவாக்குநர்கள் எது ரோக்லைக் என்று வரையறுக்கப் பார்த்தார்கள். இலக்கணம் ஒன்று எழுத வரவில்லை. முக்கியமான கூறுகள் இவை, அவ்வளவு முக்கியமில்லாதவை இவை என்று ஒரு பட்டியல் போட்டு, எல்லாம் இருக்க வேண்டிய அவசியமில்லை என்றும் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். ‘பெர்லின் விளக்கம்’ என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. அதற்குப் பின் வந்தவற்றைப் பார்த்தால் அந்தப் பட்டியலும் பாவம். ‘எஃப்டிஎல்’ விண்கலம் ஓட்டுவது. ‘ஸ்லே த ஸ்பயர்’ சீட்டுக்கட்டு. ‘ஹேடீஸ்’ கிரேக்கப் புராணத்தில் வாள் வீச்சு. எல்லாம் ரோக்லைக் குடும்பத்தில்தான் நிற்கின்றன.

சலித்துப்போன ஒருவர் இவற்றை ஸ்டீமில் விலக்கப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. ரோக்லைக், ரோக்லைட், ஆக்‌ஷன் ரோக்லைக், மரபு ரோக்லைக், ரோக்லைக் டெக்பில்டர் என ஐந்து தனித்தனி டேக்குகள். கணக்கின் விருப்பங்களில் நிரந்தரமாக விலக்கிவைக்கக்கூடிய டேக்குகளின் எண்ணிக்கையை வால்வ் 2018 செப்டம்பரில்தான் மூன்றிலிருந்து பத்தாக உயர்த்தியது. பத்தில் பாதி இந்த ஒரு சலிப்புக்கே போய்விடும்.

குமாரிலரின் கேள்விக்கு அவர் காலத்தை ஒட்டியே பௌத்தர் பக்கத்திலிருந்து, தர்மகீர்த்தியிடமிருந்து, ஒரு பதில் உண்டு. தர்மகீர்த்தி மூலிகைகளை உதாரணம் காட்டுகிறார். சீந்தில் கொடியும் இன்னும் சிலவும் காய்ச்சலைத் தணிக்கின்றன. இலை, வேர், கசப்பு எதிலும் அவற்றுக்குள் பொதுவான சாரம் இருக்க வேண்டியதில்லை. உடம்புக்குள் போய் ஒரே வேலையைச் செய்கின்றன, அதனால் ஒரு வகையாகச் சேர்க்கிறோம். வகை பொருளுக்குள் இல்லை, பொருள் நமக்குச் செய்வதில் இருக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் ரோக்லைக் சிக்கல் அவிழ்கிறது. விண்கலம், சீட்டு, வாள் ஆகியவற்றை ஒரு குடும்பமாக்குவது, ஆடுபவர் தோற்ற நொடியில் அவருக்குள் எழும் ஒன்று: ‘இன்னும் ஒரே ஒரு ரவுண்டு’. இரவு பதினொன்றுக்குத் தொடங்கியவருக்கு மணி இரண்டானது தெரியாமல் போவது. பிரம்மஜாலம் சொன்ன விழிப்புத் தவறுதலும் இதுதானே? பலகையும் பந்தும் பனையோலையும் ஒரே பட்டியலில் இடம்பெற்ற காரணமும் இதேதான். வடிவத்தில் அவற்றுக்கு ஒற்றுமை ஒன்றுமில்லை.

வடிவத்தைப் பார்த்து விலக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ‘பலாட்ரோ’ சாட்சி. லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் கனடாவைச் சேர்ந்த ஒருவர் தனியாக உருவாக்கி 2024 பிப்ரவரியில் வெளிவந்த கேம். போக்கர் கைகளைச் சேர்த்துப் புள்ளி குவிக்க வேண்டும், ஜோக்கர்கள் அந்தப் புள்ளிகளைத் தாறுமாறாகப் பெருக்கும். பந்தயம் கிடையாது, காசு வைக்கவும் வழி கிடையாது. ஐரோப்பாவில் வயதுத் தரம் வழங்கும் பெகி அமைப்பு, மூன்று வயதிலிருந்தே ஆடலாம் என்றிருந்த தரத்தை மார்ச்சில் திடீரென்று 18 ஆக்கியது. சூதாட்டப் படிமங்கள் தூக்கலாக இருக்கின்றன, கற்றுக்கொள்வது நிஜப் போக்கருக்கு உதவும் என்பது காரணம். சில நாடுகளின் கடைகளிலிருந்து கொஞ்ச நாள் காணாமலும் போனது. அதே சமயத்தில், காசு கொடுத்து உள்ளே எந்த வீரர் இருப்பார் என்று தெரியாமல் பாக்கெட் பிரிக்கும் கால்பந்து கேமான ‘இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி’ மூன்று வயதுத் தரத்தோடு விற்றுக்கொண்டிருந்தது. லோக்கல்தங்க் இதைச் சுட்டிக்காட்டிக் கிண்டலடிக்கத் தவறவில்லை. மேல்முறையீட்டுக்குப் பின் 2025 பிப்ரவரியில் பலாட்ரோவின் தரம் 12-க்கு இறங்கியது.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் உறவுக்காரச் சம்பவம் உண்டு. 2022-ஆம் ஆண்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் பெயர் சொல்லியே இடம்பெற்றன. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தைப் பொதுவாக ஏற்று, அவை திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அந்த அட்டவணையை நீக்கியது. பெயர் எழுதிவைத்த பட்டியல்களுக்கு இப்படி அடிக்கடி வழக்கு வருகிறது.

பலாட்ரோ விஷயத்தில் சூதைப் பற்றி மிகத் தெளிவாக இருந்தவர் அதைச் செய்தவர்தான். எந்தச் சூதாட்ட நிறுவனத்துக்கும் கேசினோவுக்கும் தன் கேமின் உரிமையை எக்காலத்திலும் விற்கக் கூடாது என்று உயில் எழுதி வைத்திருப்பதாக 2024-ல் அறிவித்தார். தான் செய்ததற்குத் தானே இட்ட விலக்கு. அப்படியும் பலாட்ரோ ஒருவரின் இரவைத் தின்னாது என்று உயிலால் உறுதி தர முடியாது. அதன் சூது சீட்டில் இல்லை, அடுத்த ரவுண்டில் இருக்கிறது. இதை அறியக்கூடியவர் இரண்டு மணிக்கு விழித்திருக்கும் அந்த ஒருவர் மட்டுமே. அவர் ஒருநாள் சீட்டுக்கட்டு கேம்களுக்கான ‘டெக்பில்டர்’ டேக்கின் கழித்தல் குறியைத் தொட்டால், அது மாம்பழத்தை விட்ட கணக்கு. ஸ்டீமின் கணினிக்கு இது தெரியாது. அவருக்குச் சீட்டாட்டம் பிடிக்கவில்லை போலும் என்று குறித்துக்கொள்ளும்.

ஒரு கேமுக்குள்ளேயே இந்த நுட்பத்தைச் செய்து காட்டியவர்களும் உண்டு. எறும்பு அளவுக்குச் சுருங்கிப்போன பிள்ளைகள் புல்வெளியில் பிழைக்கும் ‘கிரௌண்டட்’ கேமில் சிலந்தி பயம் உள்ளவர்களுக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். நகர்த்த நகர்த்தச் சிலந்தியின் கால்கள் குறையும், கடைசியில் மிதக்கும் உருண்டை மட்டும் மிஞ்சும். சிலந்தி இருக்கும், தாக்கும், பயமுறுத்தும் உருவம் மட்டும் போய்விடும். எது வேண்டாம் என்பதை இவ்வளவு பொடியாகப் பிரித்துக் கேட்கும் பொறுமை ஒரு டேக்குக்கு இல்லை. ‘டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்’ போன்றவற்றில் டேக் எதிர்வேலையும் பார்க்கும். பள்ளிக்கூடக் காதல் கதைபோல் இனிப்பாகத் தொடங்கும் அந்தக் கேமின் பக்கத்தில் ‘உளவியல் திகில்’ என்று ஒட்டியிருப்பதே பாதிக் கதையை உடைத்துவிடுகிறது. ஆனாலும் உண்மையிலேயே கலங்கிப்போகக்கூடிய ஒருவருக்கு அந்த முன்னறிவிப்பு தேவை. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற வழியில்லை. காப்பது என்று வந்தால் கலங்குபவரைக் காப்பதே முறை.

இனி ‘வேண்டாம்’ என்பதன் மூன்றாம் ரகம். ஒருவர் விலக்க, இன்னொருவருக்குக் காணாமல் போவது.

2018 மே மாதத்தில், பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடத்துபவராக ஆடக்கூடிய ‘ஆக்டிவ் ஷூட்டர்’ என்ற கேம் ஸ்டீமில் வரப்போகிறது என்றதும் அமெரிக்காவில் கொதிப்பு எழுந்தது. பார்க்லேண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் கண்டித்தார்கள். வால்வ் அதை வெளியீட்டுக்கு முன்பே நீக்கியது. அடுத்த மாதம் நிறுவனத்தின் எரிக் ஜான்சன் ஒரு கொள்கையை அறிவித்தார். சட்டத்துக்குப் புறம்பானதையும் வெறும் வம்புக்குச் செய்ததையும் தவிர எல்லாவற்றையும் அனுமதிப்போம், எது வேண்டும் வேண்டாம் என்பதை நாங்கள் தீர்மானிக்க மாட்டோம், அதற்குப் பதில் வேண்டாததை மறைத்துக்கொள்ளும் கருவிகளை உங்களுக்குத் தருகிறோம் என்பது அதன் சாரம். டேக் விலக்கு பத்தாக உயர்ந்தது அந்த வாக்குறுதிப்படிதான். கடைக்காரர் தராசை வாங்குபவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார் என்று இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனால் விலக்கியவர் யார் என்பதில் அங்கே மர்மம் இருக்கவில்லை. விலக்கியவரே நினைத்தால் அதைத் திரும்ப எடுக்கவும் முடிந்தது.

2025 ஜூலையில் அதுவும் போனது. பாலியல் வன்முறையைச் சித்திரிக்கும் கேம்களுக்கு எதிராக ஆஸ்திரேலியாவின் கலெக்டிவ் ஷவுட் அமைப்பு கார்டு நிறுவனங்களுக்கும் பணப் பரிமாற்ற நிறுவனங்களுக்கும் பகிரங்கக் கடிதம் எழுதியது. அவர்கள் எதிர்த்தவற்றில் சில, எவரும் தயங்காமல் எதிர்க்கக்கூடியவையே. ஆனால் அடுத்து நடந்தது வேறு. பணம் கடத்தும் நிறுவனங்கள், கார்டு நெட்வொர்க்குகள், வங்கிகள் ஆகியவற்றின் விதிகளை மீறக்கூடியவை கூடாது என்று ஸ்டீம் தன் விதிகளில் ஒரு புதிய வரி சேர்த்துப் பல கேம்களை நீக்கியது. சிறு உருவாக்குநர்களின் சந்தையான இட்ச் தளம், அதே மாதத்தில் வயதுவந்தோருக்கான உள்ளடக்கம் கொண்டவை எல்லாவற்றையும் தேடலிலிருந்து எடுத்தது. பெரும்பாலான பக்கங்கள் அழியவில்லை. முகவரி தெரிந்தவர் போகலாம். தேடினால் மட்டும் வராது. கழித்தல் குறி ஒன்றை யாரோ உலகத்துக்கே சேர்த்து அழுத்திவிட்டதுபோல ஆயிற்று.

யார் அழுத்தியது? ஆகஸ்ட் 1 அன்று மாஸ்டர்கார்டு, தான் எந்தக் கேமையும் மதிப்பிடவில்லை, எந்தக் கட்டுப்பாட்டையும் கேட்கவில்லை என்று அறிக்கை விட்டது. வால்வ் பதில் சொன்னது: மாஸ்டர்கார்டு எங்களிடம் நேரடியாகப் பேசவில்லை, கேட்டும் பேசவில்லை, இடையிலிருந்த நிறுவனங்கள் காட்டியது மாஸ்டர்கார்டின் 5.12.7-ஆம் விதியைத்தான். அந்த விதி, தன் பெயருக்குக் களங்கம் வரக்கூடிய பரிவர்த்தனைகளைப் பற்றியது. கௌதமர் தம் விழிப்பு கெடும் என்று விலக்கினார். இங்கே கெட்டுவிடும் என்று அஞ்சியது ஒரு வணிகச் சின்னம்.

ஜூலை முடியும் தறுவாயில் இட்ச் தளம் மறைத்தவற்றைச் சிறிது சிறிதாகத் தேடலில் திரும்பச் சேர்க்கத் தொடங்கியது. முதலில் வந்தவை இலவச கேம்கள். விலை போட்டவை காத்திருந்தன.